108 வண்டியில் பின்னால் உட்கார என்ன படிக்க வேண்டும்?

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வருவது அதிகமாகிவிடும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுத்தவள் என்பதால், மருந்து வாசனை வீசும் எந்தப் படிப்பைப் பற்றியும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று தெருவில் ஒரு நம்பிக்கை. இந்த முறை நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகனை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் வழவழப்பான ஒரு நோட்டீஸ். ‘ஆறே மாதத்தில் இஎம்டி டிப்ளமோ, ஆம்புலன்ஸில் அரசு வேலை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“நாற்பதாயிரம் கேட்கிறார்கள் சிஸ்டர். தோட்டை அடகு வைத்துக் கட்டிவிடலாமா?” என்றார்.

தோட்டைக் காதிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு இரண்டு மணி நேரம் பேசினோம். அன்று சொன்னதைத்தான், கொஞ்சம் சேர்த்தும் கொஞ்சம் விட்டும், இங்கே எழுதுகிறேன்.

இஎம்டி என்பது ‘எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன்’ என்பதன் சுருக்கம். 108 ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் ‘மருத்துவ உதவியாளர்’ என்று போடுவார்கள். வண்டியில் வருவது இரண்டு பேர். ஓட்டுபவரை அங்கே பைலட் என்கிறார்கள். பின்னால் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து வருபவர் இஎம்டி. கண்ணில் படாத மூன்றாவது ஆள் ஒருவரும் உண்டு. அவர் கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் மருத்துவர். நோயாளியின் நிலையை இஎம்டி ஃபோனில் சொல்ல, இந்த மருந்தை இந்த அளவு கொடு, இந்த மருத்துவமனைக்குக் கொண்டு போ என்று அவர் சொல்வார். ஆகவே இஎம்டி குட்டி டாக்டர் இல்லை. டாக்டரின் கண்ணும் கையும் சாலையோரத்துக்கு நீண்டு வந்தால் எப்படியோ அப்படி.

வேலை எப்படி இருக்கும் என்று பையன் கேட்டான். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், ரெட்டிச்சாவடி அருகே ஒரு பைக் சரிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் முப்பது பேர். வண்டி வந்து நின்றதும் இஎம்டி குதித்தோடி வந்து அடிபட்டவரை அள்ளித் தூக்குவார் என்று கூட்டம் எதிர்பார்க்கும். அவர் முதலில் பார்ப்பது சாலையை. பின்னால் லாரி வருகிறதா, பெட்ரோல் ஒழுகுகிறதா, மின்கம்பி தொங்குகிறதா. உதவ வந்தவரும் அடிபட்டு விழுந்தால் இரண்டு நோயாளிகள், பார்க்க ஆள் இல்லை. கையுறை மாட்டிக்கொண்டு குனிந்து தோளைத் தட்டி, “அண்ணா, பெயர் என்ன?” என்று கேட்பார். இந்தக் கேள்வியை நலம் விசாரிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பதில் தெளிவாக வந்தால், மூச்சுக்குழல் அடைக்கவில்லை, மூளைக்கு ரத்தம் போகிறது என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

அதற்குள் கூட்டத்தில் ஒருவர் வாட்டர் பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றப் போவார். அதைத் தடுக்க வேண்டும். அரை நினைவில் இருப்பவருக்குக் கொடுக்கும் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். இன்னொருவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். பாசம்தான், ஆனால் கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்தப் பாசமே கை, கால்களை நிரந்தரமாக முடக்கிவிடும். தலையை அசையாமல் பிடித்து, கழுத்துப் பட்டை போட்டு, உடம்பை மரக்கட்டைபோல ஒரே அசைவில் புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். ரத்தம் பீறிடும் இடத்தைத் துணி வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். எட்டிப் பார்க்க அடிக்கடி கையை எடுக்கக் கூடாது. வண்டி நகரத் தொடங்கியதும் நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, சர்க்கரை. எல்லாவற்றையும் நேரம் போட்டுப் படிவத்தில் எழுத வேண்டும். மருத்துவமனையில் இறக்கியதும் அங்கே பணியில் இருக்கும் டாக்டரிடம் அரை நிமிடத்தில் முழுக் கதையையும் ஒப்பிக்க வேண்டும். மாணவர்கள் அதிகம் திணறுவது இந்த அரை நிமிடத்தில்தான்.

இதற்கெல்லாம் எங்கே படிப்பது? இங்கேதான் அந்த அம்மாவுக்கு ஆச்சரியம் காத்திருந்தது.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் இஎம்ஆர்ஐ கிரீன் ஹெல்த் சர்வீசஸ் என்ற நிறுவனம் அதை நடத்துகிறது. ஆகவே ‘அரசு வேலை’ என்று நோட்டீஸில் போட்டிருந்தது முதல் வரியிலேயே பிசகு. ஆள் எடுக்கும்போது அவர்கள் கேட்கும் தகுதியைப் பாருங்கள்: பி.எஸ்சி நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். என்ற நர்சிங் படிப்புகள், டி.எம்.எல்.டி. என்ற ஆய்வக டிப்ளமோ போன்றவை, அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் ஆகியவற்றில் பி.எஸ்சி பட்டம். வழக்கமாக வயது 19-க்குக் குறையாமலும் 30-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். ஆண், பெண் இருவரும் விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு ஒன்று; உடற்கூறு, முதலுதவி, அடிப்படை நர்சிங் பற்றிய நேர்காணல் ஒன்று; மனிதவளத் துறையின் நேர்காணல் ஒன்று. தேறியவர்களுக்கு 50 நாள் பயிற்சி தருகிறார்கள். அதில் வகுப்பறையும் உண்டு, மருத்துவமனையும் உண்டு, ஓடும் ஆம்புலன்ஸும் உண்டு.

அதாவது, கல்லூரியில் இலைக்காம்பை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்த தாவரவியல் பட்டதாரிக்குக் கதவு திறக்கிறது. ‘இஎம்டி’ என்றே பெயர் போட்ட ஆறு மாத டிப்ளமோவைக் கையில் வைத்திருப்பவர், அந்தத் தகுதிப் பட்டியலில் தன் படிப்பு இல்லாவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். காரணம் எளிது. வேலைக்கு எடுப்பவர் உடம்பைப் பற்றிய அடிப்படை அறிவை மட்டும் கேட்கிறார். ஆம்புலன்ஸ் வேலையைத் தானே கற்றுக் கொடுத்துக்கொள்கிறார். இது சரியான முறையா என்று என்னைக் கேட்டால், 50 நாள் போதாது என்பதே என் கட்சி. ஆனால் வேலை தேடும் பையனுக்கு என் கட்சி உதவாது, விளம்பரத்தில் இருக்கும் வரிதான் உதவும். வயதும் தகுதியும் விளம்பரத்துக்கு விளம்பரம் கொஞ்சம் மாறுவதுண்டு; அந்தந்த முறை படித்துப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

பைலட் வேலைக்கு வழி வேறு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, இலகுரக வாகன உரிமம் எடுத்து 3 ஆண்டு, பொது வாகனம் ஓட்டுவதற்கான பேட்ஜ் எடுத்து 1 ஆண்டு, உயரம் 162.5 சென்டிமீட்டர் என்பது அவர்கள் வழக்கமாகக் கேட்பது.

சரி, இந்தத் துறையையே முறையாகப் படிக்க வேண்டும் என்றால்? தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்ற பட்டப் படிப்பு இருக்கிறது. மூன்றாண்டு படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் சேர்ந்தது. இதைப் படித்தவர்கள் பெரும்பாலும் மருத்துவமனையின் அவசரப் பிரிவில், டாக்டருக்கும் நர்சுக்கும் பக்கத்தில் நின்று வேலை செய்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடத்தும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகளில் ‘எமர்ஜென்சி கேர் டெக்னீஷியன்’ என்பதும் ஒன்று. பிளஸ் டூவில் அறிவியல் படித்திருக்க வேண்டும். செலவு குறைவு, நிற்பது நிஜ நோயாளிகளுக்கு நடுவில். பணம் கட்ட முடியாத குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மூன்றாவதாக, மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களின் கீழ் சுகாதாரத் துறைக்கான திறன் கவுன்சில் வகுத்திருக்கும் ‘இஎம்டி பேசிக்’, ‘இஎம்டி அட்வான்ஸ்ட்’ என்ற இரண்டு நிலைகள். பயிற்சி மையத்தில் படித்து, வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளரின் தேர்வில் தேற வேண்டும்.

இத்தனை வழிகள் இருப்பதே குழப்பத்துக்குக் காரணம். வக்கீலுக்கு பார் கவுன்சில், நர்சுக்கு நர்சிங் கவுன்சில் என்று இருப்பதுபோல இந்த வேலைக்கு வெகுகாலம் ஒரு பதிவேடு இல்லை. 2021-ல்தான் துணைமருத்துவத் துறையினருக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்தது. எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட் என்ற பெயர் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. துணைமருத்துவப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல் படித்த டிப்ளமோவோ பட்டமோ வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் வரையறை. மாநிலந்தோறும் கவுன்சில், அதில் பதிவு என்று போகப்போக எல்லாம் இறுகும். நோட்டீஸில் இருந்த ஆறு மாதத்தை இந்த 2,000 மணி நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாளுக்கு எட்டு மணி நேரம், ஞாயிறுகூட விடாமல் படித்தாலும் ஆறு மாதத்தில் 1,500-ஐத் தொட முடியாது. நான் சொன்ன ஓராண்டுச் சான்றிதழுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அதனால் எதில் சேர்ந்தாலும், ‘இது கவுன்சிலில் பதிவுக்கு ஏற்றதா?’ என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் இப்படிக் கேட்காமல் சேர்ந்தான். ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். மாடியில் ஒரே அறை, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் எலும்புக்கூடு படம். ஓர் ஆண்டு முடிந்து பளபளவென்று தங்க முத்திரை குத்திய சான்றிதழ் கொடுத்தார்கள். அதுவரை அவன் ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடித்துப் பார்த்ததில்லை. என்னிடம் வந்தபோது ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையைத் தலைகீழாகச் சுற்றினான். ஆகவே ஒரு நிறுவனத்துக்குப் போனால் முதலில் கட்டணத்தைக் கேட்காதீர்கள். எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எத்தனை மணி நேரம் நிற்க வைப்பீர்கள் என்று கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பிஎல்எஸ் சான்றிதழ் என்று ஒன்றையும் கேள்விப்படுவீர்கள். இதயமும் மூச்சும் நின்றவருக்கு முதல் சில நிமிடங்களில் செய்ய வேண்டியதைக் கற்றுத் தரும் குறும்பயிற்சி இது. அமெரிக்க இதயச் சங்கத்தின் பாடத்திட்டப்படி நடப்பது நம்மூரில் பரவலாகத் தெரிந்தது. அந்தச் சான்றிதழ் 2 ஆண்டுதான் செல்லும், பிறகு மறுபடி செய்து காட்ட வேண்டும். இதை மட்டும் வைத்து வேலை கிடைக்காது. ஆனால் அவசரப் பிரிவில் வேலை தேடுபவரிடம் இது இருந்தால் மதிப்பு. மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாதவர்களுக்காக, வாயோடு வாய் வைத்து ஊதாமல் மார்பை மட்டும் அழுத்தும் எளிய முறையை இந்திய உயிர்மீட்புக் கவுன்சில் கூட்டமைப்பு சொல்லித் தருகிறது. இதை எல்லா வீட்டிலும் ஒருவராவது கற்க வேண்டும் என்பது என் ஆசை.

மார்பை அழுத்துவது சினிமாவில் பார்ப்பதுபோல இருக்காது. மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்து, முழங்கையை மடக்காமல், இடுப்பிலிருந்து உடம்பின் எடையை இறக்க வேண்டும். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலே எழும்பி வர விட வேண்டும். எழும்பும்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்புகிறது. பயிற்சி பெற்றவர் என்றால் முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், ஏனென்றால் அதற்குமேல் தோள் தளர்ந்து ஆழம் குறைவது நமக்கே தெரியாது. பயிற்சி பொம்மைகள் சிலவற்றுக்குள் ஒரு சின்ன நாக்கு இருக்கும். சரியான ஆழம் போனால் ‘டிக்’ என்று சத்தம் வரும். முதல் நாள் வகுப்பில் மாணவிகள் வெட்கத்தோடு தட்டிக் கொடுப்பார்கள், பொம்மை வாயே திறக்காது. மூன்றாம் நாள் கண்ணாடி வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முழங்காலிடுவார்கள். அப்போது அறை முழுக்க டிக், டிக், டிக்.

நம் மாவட்டத்தில் இந்த வேலைக்கு வருபவர் பாடப்புத்தகத்தோடு இன்னும் சிலவற்றைக் கற்றே ஆக வேண்டும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு. இரண்டும் பாம்பு நடமாடும் இடம். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்த தடமே சரியாகத் தெரியாது. வயிற்றுவலி என்று அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் இமை மேலே ஏறாமல் தொங்கும். கொஞ்ச நேரத்தில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். அப்போது முகமூடியைப் பொருத்தி, அதோடு சேர்ந்த காற்றுப் பையை அழுத்தி அழுத்தி, மருத்துவமனை வரும்வரை அவருக்காக மூச்சு விட வேண்டியது இஎம்டியின் கைதான். கயிற்றால் இறுகக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் கெடுதல். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் கட்டையோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்தால் போதும்.

கிழக்கே கடல். தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரிக் கடற்கரையிலும் அலையில் சிக்கியவரைக் கரையேற்றியதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்ப்பார்கள். அது வாந்தியை வரவழைத்து மூச்சுக்குழலை அடைக்கும். மூழ்கியவருக்கு இல்லாமல் போனது காற்று, ஆகவே முதலில் மூச்சு ஊத வேண்டும், அதன்பிறகு மார்பை அழுத்த வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையில் அலை வந்தபோது நம்மிடம் 108 என்ற எண்ணே கிடையாது. கிடைத்த லாரியில், மீன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். பலர் ஒரே நேரத்தில் அடிபடும்போது யாரை முதலில் ஏற்றுவது என்பதற்கு சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று நிறம் பிரித்து அட்டை மாட்டும் முறை இருக்கிறது. பிழைக்க வழியில்லை என்று சொல்லும் கறுப்பு அட்டையை ஒருவர் கழுத்தில் மாட்டிவிட்டு அடுத்தவரிடம் நகரும் மனத்திடத்தை எந்த வகுப்பில் கற்றுத் தருவது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பிரசவத்தையும் மறந்துவிடக் கூடாது. 108-க்கு வரும் அழைப்பில் கர்ப்பிணிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சில குழந்தைகள் மருத்துவமனை வரும்வரை பொறுப்பதில்லை. வண்டியை ஓரம்கட்டச் சொல்லிவிட்டு, குழந்தையைத் துடைத்து, ஈரத்துணியை எடுத்துப் போட்டு, காய்ந்த துணியில் சுற்றி அம்மாவின் மார்போடு சேர்த்துப் படுக்கவைக்க வேண்டும். நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுக்கவே கூடாது. “ஆம்பளைப் பையனாக இருந்துகொண்டு இதை எப்படி?” என்று அந்த அம்மா தயங்கினார். பையன் என் முகத்தைப் பார்த்தான். வேலை அதுதான், வேறு வழியில்லை என்றேன்.

முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே வேறு அரசு, வேறு அறிவிப்பு. மருத்துவம் சார்ந்த பல படிப்புகளுக்குச் சேர்க்கை சென்டாக் என்ற புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பு வழியாக நடக்கும், இருப்பிடச் சான்று பார்ப்பார்கள். கடலூர்க்காரர் பாகூர்க்காரருக்குப் பக்கத்து வயல்காரராக இருந்தாலும் இந்த விஷயத்தில் வெளிமாநிலம்தான். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வந்த பரம்பரை அதற்கு. துணைமருத்துவ பி.எஸ்சி படிப்புகளுக்கு அதன் அறிவிப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2021-ன் சட்டம் மட்டும் முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான்.

இணையத்தில் தேடினால் என்ஆர்இஎம்டி என்ற பெயர் வந்து விழும். அது அமெரிக்காவில் 1970-ல் ஏற்பட்ட பதிவு அமைப்பு. நான்கு நிலைகளில் தேர்வு வைத்து, 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்கிறது. ஒழுங்கான முறை, பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் கடலூரில் வேலைக்குச் சேர அதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை. வளைகுடா போக நினைப்பவர்கள் அந்தந்த நாட்டு உரிமத் தேர்வை எழுத வேண்டும். அங்கே சான்றிதழ் மெய்யானதா என்று படித்த இடம்வரை விசாரிப்பார்கள். தங்க முத்திரை அங்கேயும் உதவாது.

12 மணி நேர ஷிஃப்ட், பகலும் இரவும் மாறி மாறி. சொந்த மாவட்டத்திலேயே போடுவார்கள் என்ற உறுதி இல்லை. மாடியிலிருந்து எண்பது கிலோ மனிதரை ஸ்ட்ரெச்சரில் இறக்க முதுகு வேண்டும். இதையும் சொல்லிவிட்டு, திண்ணையில் கிடந்த திண்டைப் பையன் முன் தள்ளி, அழுத்திக் காட்டச் சொன்னேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். முதல் முப்பதை வேகமாக முடித்தான். இரண்டாவது சுற்றில் எண்ணிக்கை தப்பியது. ஒன்றரை நிமிடத்தில் நெற்றி வியர்வை திண்டில் சொட்டியது. “இன்னும் எவ்வளவு நேரம் சிஸ்டர்?” என்றான். ஜிப்மர் வரும்வரை என்றேன். கடலூரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று அவனுக்குத் தெரியும். நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் செய்தான்.

அந்த அம்மா நோட்டீஸை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். பெரியார் கலைக் கல்லூரியில் விலங்கியலுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்றைக்கு என்று கேட்டார். பையன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே செருப்பைத் தேடினான்.